பாதி மாத்திரை

ஒரு வீட்டில் பிள்ளைக்கு ரத்தம் கம்மி என்று தெரிந்துவிட்டால் போதும், ஊரே வைத்தியராகிவிடும். ரெட்டியார்பாளையத்தில் தனிஸ்லாஸ் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி முருங்கைக்கீரையை ஆய்ந்தே கொண்டுவந்து கொடுத்தாள். கோயிலில் பாட்டுப் பாடுகிறவர் பேரீச்சம்பழ டப்பா வாங்கி வந்தார். கறிக்கடை பக்கிரி ஞாயிறு தவறாமல் ஆட்டுச் சுவரொட்டியை, மண்ணீரலைத்தான், தனியாக எடுத்து வைத்து, "புள்ளைக்கு வதக்கிக் குடு, ஒரு மாசத்துல கன்னம் செவந்துடும்" என்று கொடுத்தனுப்பினார். எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள்தான், குறை சொன்னால் வாய் வெந்துபோகும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை ஜெர்ரிக்கு இது அத்தனையும் விஷம். அவனுக்கு ரத்தம்தான் கம்மி. இரும்பு கம்மி இல்லை, தேவைக்கு மேலே கிடந்தது.

இதை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லும் வேலை அக்கா மெரின் தலையில் விழுந்தது. அப்பா தனிஸ்லாஸ் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். யார் எதைக் கொடுத்தாலும் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்குப் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பமெல்லாம் இல்லை, அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. அம்மா லூர்துசெல்வியோ யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டாலே அழுதுவிடுவாள். அதனால் பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டையோடு மெரின்தான் வாசலில் நின்று சொல்வாள்: "அவனுக்கு தலசீமியா ஆன்ட்டி. அவன் உடம்பு தானா நல்ல ரத்தம் செய்யாது. மூணு வாரத்துக்கு ஒரு தடவ யாராவது குடுத்த ரத்தத்த ஏத்துறாங்க. அந்த ரத்தத்துல இரும்பு இருக்குது. உள்ள போன இரும்பு வெளிய வர்றதுக்கு ஒடம்புல வழியே இல்ல. ஈரல்ல, இதயத்துல போயி ஒக்காந்துக்கும்." கேட்டவர்கள் "அய்யோ பாவம்" என்று தலையில் கை வைத்துவிட்டு அடுத்த வாரமும் முருங்கைக்கீரையோடு வருவார்கள்.

தனிஸ்லாஸும் லூர்துசெல்வியும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டுவதற்குக் கோயிலில் தனி அனுமதி வாங்க வேண்டும், முறைப்படி வாங்கினார்கள். ஆனால் ரெண்டு பேரும் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவிடம் ஒரு பங்கு குறை, அம்மாவிடம் ஒரு பங்கு குறை. மெரினுக்கு ஒரு பங்கோடு போயிற்று, அவள் நன்றாகவே இருந்தாள். ஜெர்ரிக்கு ரெண்டு பங்கும் வந்து சேர்ந்தது. "எனக்கு வந்திருக்கக் கூடாதா, எம்புள்ளைக்கா வரணும்" என்று லூர்துசெல்வி மாதா படத்துக்கு முன்னால் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறாள்.

இரும்பை வெளியே எடுக்க அப்போது ஒரு ஊசி மருந்துதான் உண்டு. சின்ன பம்ப் ஒன்றில் மருந்தை நிரப்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசியைக் குத்தி வைத்தால், அவன் தூங்கி எழும் வரை சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த ஊசியைக் குத்தத் தனிஸ்லாஸுக்குக் கை வரவில்லை. மெல்லிசுக் கம்பியை மோட்டாருக்குள் சுற்றுகிற கை, பெற்ற பிள்ளை வயிற்றில் குத்தமாட்டேன் என்றது. மெரின்தான் பழகிக்கொண்டாள். "அக்கா குத்துனா வலிக்காது" என்று ஜெர்ரி எல்லாரிடமும் சொல்வான். வலிக்காமல் என்ன! வலிக்கும்தான். அக்கா முகம் வாடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வான். காலையில் சிறுநீர் செங்கல் நிறத்தில் போகும். அதைப் பார்த்து அக்காவும் தம்பியும் கும்மாளம் போடுவார்கள். "இன்னைக்கு நெறைய இரும்பு போயிருக்குடா!" என்பாள் மெரின். மற்ற வீட்டுப் பிள்ளைகள் மார்க்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டன, இந்த வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டன.

ஜெர்ரி ஒன்பதாவது படிக்கும்போது மாத்திரை வந்தது. தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும், ஊசி வேண்டாம். பம்பைப் பரணில் போட்ட அன்று வீட்டில் பிரியாணி. ஆனால் மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. வயிற்றைப் புரட்டும். சிலருக்குக் கிட்னியைத் தொடும். மாதா மாதம் ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி போனதே தவிர பயம் போகவில்லை.

மெரின் கெமிஸ்ட்ரி படித்தது இந்தப் பயத்தால்தான். தம்பி உடம்புக்குள் ஒரு மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. காலாப்பட்டில் யுனிவர்சிட்டிக்குப் போய் டாக்டர் பட்டம் வரைக்கும் முடித்தாள். நடுவில் மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்த மாப்பிள்ளைகளிடமெல்லாம் காபி டம்ளரை நீட்டும்போதே, "எனக்கு ஒரு பங்கு குறை இருக்குது, நீங்களும் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வந்து சொல்லுங்க" என்றாள். நியாயமான பேச்சு. பெண் பார்க்க வந்த இடத்தில் நியாயம் பேசினால் யார் நிற்பார்கள்? ஒருத்தன்கூடத் திரும்பி வரவில்லை. சனியன் விட்டது என்று அவளும் வேலைக்குப் போய்விட்டாள்.

வேலை சேதராப்பட்டுப் பக்கம். தொழிற்பேட்டைக்குள் ஒரு சின்ன மருந்துக் கம்பெனி, அதன் ஆராய்ச்சிப் பிரிவு. அங்கே இரும்பை எடுக்கும் புது மருந்து ஒன்றை வடிவமைக்கும் குழு இருந்தது. தலைவர் நெடுமாறன், பத்து வருஷமாக அதே வேலையில் ஊறிப்போனவர். மெரின் நேர்முகத் தேர்வில், "எந்தம்பிக்கு வேணும் சார்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அதற்காகவே எடுத்தார்.

இந்த வகை மருந்துக்கு விஞ்ஞானத்தில் வைத்த பேரே நண்டுக் கொடுக்கிலிருந்து வந்ததுதான். இரும்பை ரெண்டு பக்கமும் மூன்று பக்கமும் கொடுக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். கொடுக்கு தளர்வாக இருந்தால் இரும்பு நழுவி விழும். வலுவை ஏற்றிக்கொண்டே போனாலோ, எலும்புக்குள் ரத்தம் ஊறத் தேவையான இரும்பையும் பிடுங்கும், துத்தநாகத்தையும் செம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கொழுப்பில் கரைகிற சரக்காக இருந்தால் மூளைக்குள் நுழையும். "புடிக்கறது பெருசில்லம்மா," என்பார் நெடுமாறன். "புடிச்சுக்கிட்டு ஒழுங்கா வாசலத் தாண்டி வெளிய போவணும். போற வழியில கிட்னியில குந்திக்கிச்சுன்னா அது மருந்து இல்ல, வெஷம்." வேலை செய்யவும் வேண்டும், கெடுக்கவும் கூடாது. மாமியார் மெச்சும் மருமகள் கிடைக்கிற மாதிரிதான். ஒரு மூலக்கூறைச் செய்வார்கள், எலிக்குக் கொடுப்பார்கள், எலியின் கிட்னியை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். நல்ல கிட்னி, அடுக்கி வைத்த வளையல்கள் மாதிரி இருக்கும். மருந்து தொட்ட கிட்னியில் அந்த வளையல்கள் நொறுங்கிக் கிடக்கும்.

வருஷக்கணக்கில் மெரின் பார்த்தது நொறுங்கிய வளையல்களைத்தான். பஸ்ஸில் கண்ணை மூடினாலும் அதுதான் வந்து நிற்கும். இரும்பு ஏறிய இதயம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் மைக்ராஸ்கோப்பில் காட்டவில்லை. புத்தகத்தில் படித்திருந்தாள், அவ்வளவுதான். கண்ணால் பார்த்த பயம் பெரிசாகி, படித்த பயம் சிறுத்துப் போயிற்று. எல்லாம் கோணலாகப் போனது அங்கேதான்.

ஒரு மாதம் ஜெர்ரியின் ரத்தத்தில், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் ஏறியது. அவனைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிற ரத்த வியாதி டாக்டர் ராஜாம்பாள் பதறவில்லை. "ரெண்டு வாரம் மாத்திரைய நிறுத்துங்க. திரும்பப் பாத்துட்டு ஆரம்பிப்போம்" என்றார். ரெண்டு வாரத்தில் அளவு ஒழுங்காக இறங்கிவிட்டது. "பழையபடி முழு டோஸ் போடு ஜெர்ரி" என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஜெர்ரி மாத்திரையைத் தண்ணீரில் போடப் போனபோது மெரின் கையைப் பிடித்தாள்.

"பாதி போடு போதும்."

"டாக்டரம்மா முழுசு சொன்னாங்களே?"

"டாக்டரம்மா கிட்னிய ரிப்போர்ட்டுல பாக்கறாங்க. நான் கண்ணால பாக்கறேன்டா. அது போச்சுன்னா திரும்ப வராது."

"அப்ப நீதான் பெரிய டாக்டரு" என்று ஜெர்ரி எழுந்து நின்று சல்யூட் வைத்தான். அவனுக்கென்ன, அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று எப்போதும் மூக்கால் அழுகிறவன். பாதி என்றதும் கொண்டாட்டம்.

"அவங்ககிட்ட சொல்லிக்க வேணாம். கொஞ்ச நாளைக்குத்தான். எங்களுது வந்துடும்" என்றாள் மெரின்.

எங்களுது வந்துடும்! அந்த ஒரு பேச்சில்தான் குடி முழுகியது. அந்த வாரம்தான் அவள் யோசனை ஒன்று பலித்திருந்தது. கொடுக்குக்குப் பின்னால் நீளமாக ஒரு வாலை ஒட்டினாள், தண்ணீரோடு நன்றாகக் கலக்கிற வால். அந்த வால் மருந்தைக் கிட்னியில் தங்கவிடாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. எலி உடம்பிலிருந்து இரும்பு வாரி வாரி வெளியே வந்தது, கிட்னியில் ஒரு வளையல்கூட நொறுங்கவில்லை. நெடுமாறன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏய் மெரின், சாதிச்சுட்டடி!" என்று கத்திவிட்டு, "டி" போட்டதற்கு வருத்தம் சொன்னார். கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்கள். எலியிலிருந்து நாய்க்குப் போக வேண்டும், நாயிலிருந்து மனுஷனுக்கு வர வேண்டும், அதற்குள் வருஷங்கள் ஓடிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? வகுப்பெடுக்கிற அளவுக்குத் தெரியும். ஆனால் தான் பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்த அன்றே அது ஓடப்போகிறது என்று நினைக்காத தாய் உண்டா? படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பாதி மாத்திரை என்பது ஓட்டைப் படகில் உள்ளங்கையால் தண்ணீர் இறைக்கிற வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறுகிற ரத்தத்தோடு வரும் இரும்புக்கே அது பற்றாது, பழைய இரும்பை எங்கே எடுப்பது? ரத்தத்தில் இரும்பின் அளவு மெல்ல ஏறியது. டாக்டர் ராஜாம்பாள், "இந்த டோஸ் இவனுக்குப் பத்தல போலருக்கு" என்று கூட்டி எழுதினார். அந்தச் சீட்டைப் பார்த்த மெரின், "யம்மாடி, இவ்வளவா? கிட்னி என்னத்துக்கு ஆவறது?" என்று பழைய பாதியிலேயே நிறுத்தினாள். அடுத்த முறை இன்னும் ஏறியது, டாக்டர் இன்னும் கூட்டினார். ஒருத்தி ஏற்ற, ஒருத்தி இறக்க, நடுவில் அந்தப் பிள்ளை. மாதா மாதம் கிட்னி ரிப்போர்ட் நன்றாக வந்ததில் மெரினுக்கு ஒரு பெருமைகூட. தான் காப்பாற்றுகிறோம் என்றே நம்பினாள்.

"சென்னைக்குப் போயி இதயத்துல இரும்பு எவ்வளவுன்னு ஒரு ஸ்கேன் பாத்துட்டு வந்துடுங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். மெரினுக்கு நாய்ச் சோதனை ஆரம்பிக்கிற நேரம், லீவு போட முடியவில்லை. தனிஸ்லாஸ் கூட்டிப் போகிறேன் என்றார். "நான் வந்தாதான் அவங்க பேசறது புரியும்ப்பா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். ஜெர்ரி மூலக்குளத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான். "எனக்கென்ன, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று அவனும் விட்டுவிட்டான். ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகிற நாளில் வார்டில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அளப்பான்: "எங்க அக்கா மருந்து கண்டுபுடிச்சிருக்குது. அது வந்துட்டா கிட்னியாவது மண்ணாவது!"

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்த வாரம் நாய்ச் சோதனையின் முடிவும் வந்தது. நெற்றியில் சாமியார் பூசிய சாம்பலோடுதான் மெரின் வேலைக்குப் போயிருந்தாள். நெடுமாறன் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்கிற ஆளே இல்லை.

"வெள்ளை அணு எல்லாம் விழுந்துடுச்சும்மா. எல்லா நாய்க்கும். நாயோட ஈரல் அந்த வால வெட்டி எறிஞ்சிடுது. மிச்சம் இருக்கறது நேரா எலும்புக்குள்ள போயி வேலையக் காட்டுது."

"எலிக்கு ஒண்ணும் ஆவலையே சார்?"

"எலி ஈரல் வெட்டல. எலி நம்மள ஏமாத்திடுச்சு."

மனுஷ ஈரல் வெட்டுமா என்று அவள் கேட்கவில்லை. குடுவையில் வளர்த்த மனுஷ ஈரல் செல்லில் அதையும் சோதித்துப் பார்த்திருந்தார்கள், வெட்டும். அந்த மருந்து வரிசையையே அத்தோடு மூடிவிட்டார்கள்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து மெரின் அழுதாள். அழுது முடித்ததும் முதலில் வந்த நினைப்பு சரியான நினைப்புதான்: இன்றைக்கே ஜெர்ரியிடம் சொல்லி முழு மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெர்ரி, "என்னாச்சு, உங்க நாயி பாஸா பெயிலா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"நல்லாத்தான் போவுது" என்றாள்.

பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாம்! 'எம் மருந்து செத்துப்போச்சுடா, நாளையிலேர்ந்து முழுசா போடு', இவ்வளவுதானே? அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம். ஊரெல்லாம் அக்கா பெருமை பேசித் திரிகிறவனிடம் எப்படித் தோற்றுப்போனேன் என்று சொல்வது? இந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடியட்டும், அடுத்த வெள்ளி முடியட்டும் என்று தள்ளித் தள்ளித் தவக்காலம் முழுக்க ஓடிவிட்டது. மருந்து தோற்றது அவள் குற்றமில்லை, எந்த மருந்தும் தோற்கும். வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அதற்குத்தான் இன்றுவரை அவளுக்குள் மன்னிப்பில்லை.

தவக்காலத்தின் கடைசி ஞாயிறு, குருத்து ஞாயிறு. குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு, பாடிக்கொண்டு, சனம் தெருவைச் சுற்றி வந்தது. ஜெர்ரி முன்வரிசையில் பாடிக்கொண்டு போனவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வந்தான். மெரின் பக்கத்தில் வந்தபோது அவன் பாடவில்லை. மூடியிருந்த கடை ஒன்றின் படியில் அப்படியே உட்கார்ந்தான்.

"அக்கா, மூச்சு வாங்குது. நடக்க முடியல."

உதடு நீலம் பாரித்திருந்தது. கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. எத்தனை நாளாகவோ வீங்கியிருக்கிறது, கிட்னி ரிப்போர்ட்டை வரிக்கு வரி படித்தவள் அவன் காலைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில், இதயம் பாதிக்கும் கீழே வேலை செய்கிறது என்றார்கள். படுக்க வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோய் எடுத்த ஸ்கேனில் இதயம் பூரா இரும்பு. டாக்டர் ராஜாம்பாள் படத்தைப் பார்த்துக்கொண்டே, "முழு டோஸ் குடுத்தும் இப்படி ஏறுதுன்னா எனக்குப் புரியலையே" என்றார்.

"முழு டோஸ் குடுக்கல மேடம். ஒரு வருஷத்துக்கு மேல பாதிதான். நான்தான் குறைக்கச் சொன்னேன்" என்றாள் மெரின்.

டாக்டர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. "இந்த மாத்திரை இவனுக்குக் கேக்கலன்னு நெனச்சு நான் டோஸை ஏத்திக்கிட்டே போனேன். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, பகல்ல மாத்திரை, தூங்கும்போது ஊசின்னு கலந்து குடுத்திருப்பேனே மெரின். கிட்னியும் தப்பியிருக்கும், இதயமும் தப்பியிருக்கும். உனக்குத் தெரியாததா?" என்றார். மருந்தை வடிவமைக்கிறவளுக்கு, அளவும் நேரமும் மருந்தில் பாதி என்று தெரியாமலா இருக்கும்?

பம்ப் பரணிலிருந்து இறங்கியது. இப்போது தூங்கும்போது மட்டுமில்லை, பகலெல்லாமும். ஊசியை மெரின்தான் குத்தினாள். ஒரு மத்தியானம் அம்மா சாப்பாடு எடுக்கப் போயிருந்த நேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி ஜெர்ரி கேட்டான்.

"ஒம் மருந்து என்னாச்சுக்கா? நெசத்தச் சொல்லு."

"அது செத்துப்போச்சுடா."

"எப்ப?"

"சாம்பல் புதன் அப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்டயா வெக்கம்?" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னான்: "நீ செஞ்ச மருந்தாதான் இருக்கணும்னு நான் எப்பக்கா கேட்டேன்? யாரோ ஒருத்தரு செஞ்சது நம்ம வீட்டுல இருந்துச்சே."

கோபத்தோடு சொல்லவில்லை. அவனுக்குக் கோபப்படவும் மூச்சு இல்லை. மெரின் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சரி விடு, அழுவாத, அம்மா வந்துடப் போவுது" என்று அவன்தான் சமாதானம் சொன்னான்.

மருந்து வேலை செய்யாமல் இல்லை. சிறுநீர் மறுபடியும் செங்கல் நிறத்தில் போயிற்று, கால் வீக்கம் வடிந்தது, எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரின் போனைப் பழுது பார்த்துக் கொடுத்தான். டாக்டர்கூட முகம் தெளிந்தார். ஆனால் இரும்பு ஏற எடுத்துக்கொண்ட காலத்தை இறங்கவும் கேட்டது, அந்தக் காலத்தை இதயம் கொடுக்கவில்லை. ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிட்டது. அவனுக்கு வயது இருபத்தாறு.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தனிஸ்லாஸ் கைகூப்பி "மெர்சி, மெர்சி" என்றார். லூர்துசெல்வி மகளை ஒருநாளும் திட்டவில்லை. கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் ஒரே ஒரு தடவை, "நீ படிச்சவதானடி" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் மெரினுக்கு ஆறியிருக்கும்.

நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த பிறகு, பம்பை ரத்தம் ஏற்றும் வார்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று மெரின் எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு பிள்ளைக்கு ஆகட்டும் என்று அங்கே எல்லாரும் கொடுப்பதுதான். அந்த வார்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளில் ஒன்று போய்விட்டால், சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் நர்ஸுகள் சொல்லமாட்டார்கள். கேட்டால், "இப்ப வேற கிழமையில வராங்க" என்று மழுப்பிவிடுவார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஆறேழு வயசுப் பெண் பிள்ளை ஒன்று ரத்தம் ஏறிக்கொண்டிருக்கப் படம் வரைந்துகொண்டிருந்தது. அம்மாக்காரி மெரினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"நீ ஜெர்ரி தம்பியோட அக்காதான? போன்ல போட்டோ காட்டியிருக்குது. நான் சின்னப்பாப்பா, கனகசெட்டிக்குளம். இது எம்பொண்ணு கவிநிலா. உக்காரும்மா." பிள்ளையின் காலை நகர்த்தி இடம் செய்தாள். "அந்த மருந்து வந்துடுச்சா?"

"எந்த மருந்துக்கா?"

"என்னம்மா இப்பிடிக் கேக்குற, நீ செய்யிறியே, அதுதான். இந்த மாத்திரையக் குடிச்சா இவ கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுக்கறா. தம்பிகிட்ட ஒருநாளு சொல்லி அழுதேன். 'எங்க அக்கா மருந்து வர்ற வரைக்கும் பாதி குடுங்கக்கா, நானும் பாதிதான் போடறேன், அக்காவே சொல்லிச்சு, கிட்னிக்கும் நல்லது'ன்னு தம்பி சொல்லிச்சு. போன வருஷத் தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து பாதிதான் குடுக்கறேன். புள்ள வாந்தியே எடுக்கல. மீதியக்கூட வீணாக்கல, டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்."

மெரின் கையிலிருந்த பம்பைக் கட்டில் மேல் வைத்தாள்.

"டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல வேணாம்னுதான தம்பி சொல்லிச்சு."

"அந்த மருந்து வராதுக்கா. அது சரிப்பட்டு வரல. வரவே வராது. வாங்க, இப்பவே டாக்டர்கிட்ட போவலாம். வாந்திக்கு அவங்க வேற வழி வெச்சிருப்பாங்க. நானே சொல்றேன், உங்களத் திட்டமாட்டாங்க."

சின்னப்பாப்பா எழுந்திருக்கவில்லை. சந்தேகத்தோடு பார்த்தாள். "அதுக்கு ஏம்மா இப்பிடிப் பதர்ற? தம்பியும் பாதிதான போட்டுது, நல்லா வாட்டசாட்டமா இருந்துச்சே. இப்பல்லாம் வேற கிழமையில வருதாமே? நான் அதயே ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

மெரின் இந்தத் தடவை வாயை மூடவில்லை.

"அவன் இல்லக்கா. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆகஸ்ட்ல செத்துட்டான். பாதி போட்டுத்தான் செத்தான். நான் சொல்லித்தான் போட்டான்."

கவிநிலா பென்சிலை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. சின்னப்பாப்பா மெரினைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளையின் காலை எடுத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். பிறகு புடவையைக் கூட்டிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டரம்மா கெளம்பிடப் போறாங்க, வா" என்றாள்.